மூடப்பட்ட சிறையின் பதிவேடுகளும் கை, கால் விலங்குகளும்: எதிலிருந்து தொடங்குவது?

சாவிக்கொத்து எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். நூறாண்டுகளுக்கும் மேலாக இயங்கி, இப்போது மூடப்பட்டுவிட்ட ஒரு சிறைச்சாலையின் பழைய ஆவணங்களையும் பொருள்களையும் ஒழுங்குபடுத்தும் பொறுப்பு எங்கள் சிறு குழுவிடம் வந்திருக்கிறது. நாங்கள் ஐந்து பேர். எங்களில் எவரும் காப்பகப் பயிற்சி பெற்றவர் அல்லர். அலுவலக அறையில் கைதிகளின் சேர்க்கைப் பதிவேடுகள், விடுதலைப் பதிவேடுகள், சிறைக்குள் விதித்த தண்டனைகளைக் குறித்த புத்தகங்கள், மருத்துவக் குறிப்பேடுகள், நூலால் கட்டிய வாரண்டுக் கட்டுகள் (கைதியைச் சிறையில் அடைக்கச் சொல்லும் நீதிமன்ற ஆணைகள்) ஆகியவை கூரை வரை அடுக்கிக் கிடக்கின்றன. சிலவற்றைக் கரையான் அரித்திருக்கிறது. சிலவற்றில் பூஞ்சணம் படிந்திருக்கிறது. இன்னும் சிலவற்றில் எழுத்து இருந்த இடமெல்லாம் கம்பியால் கீறியதுபோல் தாள் கிழிந்திருக்கிறது. அடுத்த கிடங்கில் கால் விலங்குகள், கைவிலங்குகள், பித்தளை வில்லை கோத்த சாவிகள், பூட்டுகள், சீருடைகள், நிழற்படங்களின் கண்ணாடி நெகட்டிவ்கள் நிறைந்த ஒரு மரப்பெட்டி ஆகியவை உள்ளன.

குழுவுக்குள் மூன்று யோசனைகள் எழுந்துள்ளன. பதிவேடுகளையும் வாரண்டுகளையும் பெயர் அகர வரிசையில் பிரித்து அடுக்கிவிட்டு உடனே ஸ்கேன் செய்துவிடலாம் என்கிறார் ஒருவர். விலங்குகளைக் கம்பித் தூரிகையால் தேய்த்துக் கறுப்பு வண்ணம் பூசித் தந்துவிடுவதாக ஒரு கொல்லர் பணம் வாங்காமலேயே முன்வந்திருக்கிறார். படிக்க முடியாத அளவுக்குச் சிதைந்த ஏடுகளைக் கழித்துவிட்டால் இடமாவது மிச்சமாகும் என்பது மூன்றாமவர் கருத்து. மூன்றிலும் எனக்குத் தயக்கம் இருக்கிறது. ஆனால் ஏன் கூடாது என்று எடுத்துச் சொல்லத் தெரியவில்லை. அனுபவம் உள்ளவர்கள் வழிகாட்ட வேண்டுகிறேன்.

ஏட்டறை எழுதியது:

உங்கள் தயக்கம் சரியானதே. முதல் சில வாரங்களுக்கு எதையும் அடுக்கவும் வேண்டாம், துடைக்கவும் வேண்டாம், ஸ்கேன் செய்யவும் வேண்டாம். அறை இருக்கிறபடியே ஒவ்வொரு அலமாரியையும் ஒவ்வொரு தட்டையும் படம் எடுங்கள். தட்டுக்கு ஓர் எண் கொடுங்கள். எந்தக் கட்டுக்குப் பக்கத்தில் எந்தக் கட்டு இருந்தது என்பதை ஒரு சாதாரண நோட்டில் எழுதிவையுங்கள். இது வெறும் சம்பிரதாயம் என்று தோன்றலாம். ஆனால் சிறை ஆவணங்களைப் பொறுத்தவரை வேலையில் பாதி இதுதான்.

காரணத்தைச் சொல்கிறேன். சிறையில் ஒரு மனிதர் பெயரால் அறியப்பட்டதைவிட எண்ணால் அறியப்பட்டதே அதிகம். சேர்க்கைப் பதிவேட்டில் அவருக்கு இட்ட எண்ணே வாரண்டின் முதுகிலும், அவரிடமிருந்து வாங்கிவைத்த உடைமைகளின் பட்டியலிலும், மருத்துவரின் எடைக் குறிப்பிலும், சில இடங்களில் சட்டையில் தைத்த துணித்துண்டிலும் இருக்கும். பெயரோ எழுத்தருக்கு எழுத்தர் மாறும். ஒரே ஆளின் பெயர் மூன்று ஏடுகளில் மூன்று விதமாக எழுதப்பட்டிருப்பதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். நான் முன்பு வேலை பார்த்த ஓர் இடத்தில், ஆர்வமிகுந்த ஒருவர் வாரண்டுக் கட்டுகளை அவிழ்த்து, நீங்கள் சொல்கிற அதே அகர வரிசையில் அழகாக அடுக்கிவிட்டார். ஒரு கட்டில் இருந்தவர்கள் ஒரே நாளில் ஒரே நீதிமன்றத்திலிருந்து வந்து சேர்ந்தவர்கள் என்ற செய்தி அந்த நூலோடு போய்விட்டது. அதை மீட்க எங்களுக்கு இரண்டு ஆண்டுகள் பிடித்தன. முழுதாக மீட்கவும் முடியவில்லை.

ஓர் அலுவலகத்தில் உருவான ஆவணங்களை மற்றோர் அலுவலகத்தின் ஆவணங்களோடு கலக்கக் கூடாது என்ற விதியைப் பிரான்ஸ் 1841-ஆம் ஆண்டிலேயே சுற்றறிக்கையாக வெளியிட்டது. அவை உருவான வரிசையையும் குலைக்கக் கூடாது என்ற விதி அதற்குப் பின்னர் சேர்ந்தது. இன்றும் காப்பகப் பணி இவ்விரண்டின்மேல்தான் நிற்கிறது.

சிதைந்த ஏடுகளைக் கழிப்பது பற்றி: எழுத்தைப் படிக்க முடியாவிட்டாலும் படிவமே சாட்சி சொல்லும். பாரிஸ் காவல்துறையில் கைதிகளை அடையாளம் காண அல்போன்ஸ் பெர்ட்டியோன் 1880-களில் கொண்டுவந்த உடல் அளவீட்டு முறை பல நாடுகளுக்கும் பரவியது. தலையின் நீளம், நடுவிரலின் நீளம், இடது பாதத்தின் நீளம் என்று கட்டங்கள் அச்சிட்ட படிவம் அந்தக் காலத்தது. விரல்ரேகைக்கு இடம் விட்ட படிவம் வந்தால், அந்தச் சிறை புதிய முறைக்கு மாறிவிட்டது என்று பொருள். விரல்ரேகைக்கென்றே ஒரு பணியகம் கல்கத்தாவில் 1897-இல் அமைந்தது. மற்ற இடங்கள் ஒவ்வொன்றாகப் பின்தொடர்ந்தன. உங்கள் சிறை ஏறத்தாழ எந்தக் காலத்தில் மாறியது என்பதை, பாதி கரையான் தின்ற ஓர் ஏட்டின் தலைப்புக் கட்டங்களை மட்டும் வைத்தே சொல்லிவிட முடியும். ஆகவே எதையும் கழிக்காதீர்கள்.

எழுத்து இருந்த இடத்தில் தாள் கிழிந்திருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். அது பூச்சியின் வேலை அன்று, மையின் வேலை. ஓக் மரத்தில் உண்டாகும் மாசிக்காயிலிருந்து எடுத்த டானின் என்ற துவர்ப்புப் பொருளையும் இரும்பு சல்பேட்டையும் கலந்து செய்த மை, அமிலத்தன்மையால் தாளைப் பல ஆண்டுகளாக உள்ளிருந்தே தின்றிருக்கும். எழுத்தைச் சுற்றிப் பழுப்பு வளையம் தெரிந்தால் அது இதன் அடையாளம். அத்தகைய பக்கத்தில் ஈரம் படவே கூடாது. நீர் பட்டால் மையிலுள்ள இரும்பு நகர்ந்து, நன்றாக இருந்த இடத்தையும் கெடுக்கும். ஒட்டுநாடா வேண்டவே வேண்டாம். கிழிசலை ஒட்டுவதற்கு மெல்லிய, உறுதியான ஜப்பானியத் தாளும் கோதுமை மாவுப் பசையும்தான் வழக்கம் என்றாலும், இந்த மை எழுதிய பக்கத்தில் அந்தப் பசையின் ஈரம்கூடத் தீங்கு செய்யக்கூடும். பாதுகாப்பு வல்லுநர் வரும்வரை, அமிலமற்ற தாளில் தளர்வாகச் சுற்றி, அட்டைப் பெட்டியில் படுக்கை வாட்டமாக வையுங்கள், அது போதும்.

பூஞ்சணம் படிந்தவற்றைத் தனி அறைக்கு மாற்றுங்கள். மாற்றுபவர் முகக்கவசமும் கையுறையும் அணிந்திருக்க வேண்டும். காற்றின் ஈரப்பதம் 65 விழுக்காட்டைத் தாண்டினால் பூஞ்சணம் திரும்பவும் உயிர்பெறும். 35 முதல் 50 விழுக்காட்டுக்குள் நிலையாக வைத்திருப்பதே நல்லது. எண் என்னவென்பதைவிட அது நாளுக்கு நாள் ஏறி இறங்காமல் இருப்பது முக்கியம் என்பது என் அனுபவம். கரையான் கட்டடத்தின் நோய் என்பதால் மண்ணிலும் சுவரிலும்தான் அதற்கு மருந்து தேட வேண்டும். இராமபாணப் பூச்சியும் வண்டும் உள்ள ஏடுகளைப் பாலித்தீன் உறையில் காற்றுப் புகாமல் மூடி, குளிர்ப்பெட்டியில் மைனஸ் 20 டிகிரி செல்சியஸில் இரண்டு வாரம் வைத்தெடுக்கலாம். கண்ணாடி நெகட்டிவ்களை மட்டும் அந்தக் குளிர்ப்பெட்டியின் அருகில்கூடக் கொண்டுபோகாதீர்கள்.

துருவும்எண்ணெயும் எழுதியது:

ஏட்டறை ஐயா தாளைப் பற்றிச் சொல்லிவிட்டார். நான் உலோகத்தைப் பற்றி மட்டும் எழுதுகிறேன்.

அந்தக் கொல்லருக்கு நன்றி சொல்லி அனுப்பிவிடுங்கள். அவருடைய நல்லெண்ணத்தில் குறையில்லை. ஆனால் கம்பித் தூரிகை துருவை எடுக்கும்போது துருவுக்கு அடியில் உள்ளதையும் சேர்த்து எடுத்துவிடும். பழைய விலங்குகளில் செய்தவரின் முத்திரை, சிறையின் இருப்பு எண், சில வேளை எடை ஆகியவை உளியால் மெல்லப் பொறிக்கப்பட்டிருக்கும். ஒருமுறை நான் ஒரு கால் விலங்கை மூன்று நாள்கள் மேசைமேல் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தும் எதுவும் தெரியவில்லை. இருட்டறையில், கைவிளக்கை ஏறத்தாழ மேசை மட்டத்துக்குச் சாய்த்துப் பிடித்தபோதுதான் வளையத்தின் உட்புறத்தில் மூன்று இலக்கங்கள் நிழலாக எழுந்தன. வளையத்தின் ஒரு பக்கம் மட்டும் வழவழவென்று தேய்ந்திருந்தது. அதை அணிந்தவரின் கணுக்கால் தேய்த்த தேய்மானம் அது. தூரிகை போட்டிருந்தால் எண்ணும் போயிருக்கும், தேய்மானமும் போயிருக்கும். கண்காட்சிக்கென்று நேற்றுச் செய்த விலங்குபோல் பளபளத்திருக்கும்.

செய்ய வேண்டியது குறைவுதான். நைட்ரைல் (செயற்கை ரப்பர்) கையுறை அணிந்து தொடுங்கள், ஏனெனில் வியர்வையின் உப்பு இரும்பில் விரல்தடமாகவே துருவேறும். (பூஞ்சணம் படியாத தாளுக்கு இதற்கு நேர்மாறு: கழுவி உலர்த்திய வெறுங்கைதான் நல்லது, பருத்திக் கையுறை விளிம்புகளில் மாட்டித் தாளைக் கிழிக்கும்.) மென்மையான தூரிகையால் தூசியை மட்டும் தட்டுங்கள். துரு செதில் செதிலாக உதிர்ந்துகொண்டேயிருந்தால், அல்லது ஈரத்துளிகள்போல் பழுப்பாகக் கசிந்தால், உள்ளே குளோரைடு உப்பு இருக்கிறது என்று பொருள். அதை உலர்ந்த பெட்டியில் ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல்லோடு தனியே மூடிவைத்து வல்லுநரிடம் காட்டுங்கள். நிலையாக உள்ள இரும்புக்கு மைக்ரோகிறிஸ்டலைன் மெழுகை (நுண்படிக மெழுகு) மெல்லிய பூச்சாகத் தடவுவது வழக்கம். வேண்டும்போது அதைக் கரைத்தெடுக்கவும் முடியும். கறுப்பு வண்ணத்தை அப்படி எடுக்க முடியாது.

சாவிகளிலிருந்து பித்தளை வில்லைகளைக் கழற்றாதீர்கள். வில்லை போன சாவி வெறும் இரும்புத் துண்டு. பழைய கதவு, கம்பிகளில் ஈயம் கலந்த வண்ணம் இருக்கக்கூடும் என்பதால் அவற்றைச் சுரண்டவும் வேண்டாம்.

சாவிக்கொத்து எழுதியது:

இருவருக்கும் மனமார்ந்த நன்றி. கொல்லரிடம் பேசிவிட்டேன், சற்று வருத்தப்பட்டார், ஆனாலும் புரிந்துகொண்டார். இன்னொரு கேள்வி. ஸ்கேன் செய்யும் கட்டம் வரும்போது, சேர்க்கைப் பதிவேடுகளில் உள்ள பெயர்களையெல்லாம் இணையத்தில் தேடும் வசதியோடு வெளியிடலாமா? குற்றம், தண்டனை, உடலின் அடையாளங்கள், தந்தையின் பெயர் எல்லாம் அதில் இருக்கின்றன.

நிழற்படி எழுதியது:

இதில் என் கருத்து சற்றுக் கடுமையானது, மற்றவர்கள் மாறுபடலாம். படியெடுப்பது வேறு, வெளியிடுவது வேறு. எல்லாவற்றையும் படியெடுங்கள், எல்லாவற்றையும் வெளியிடாதீர்கள். பல காப்பகங்கள் ஒரு மனிதரின் ஆயுளை அளவாகக் கொண்டு, ஏறத்தாழ நூறு ஆண்டுகள் கடந்த பதிவுகளையே தடையின்றித் திறக்கின்றன. உங்கள் நாட்டின் சட்டம் என்ன சொல்கிறது என்பதை முதலில் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். மருத்துவக் குறிப்பேடுகள், சிறார் பற்றிய பதிவுகள், மனநோய் என்று குறிக்கப்பட்டவர்களின் பதிவுகள் ஆகியவற்றுக்கு இன்னும் கூடுதல் எச்சரிக்கை வேண்டும்.

இதற்கு மறுபக்கமும் உண்டு. ஆஸ்திரேலியாவுக்கு நாடு கடத்தப்பட்ட கைதிகளின் வழிவந்தவர்கள் அந்தத் தொடர்பைத் தலைமுறைகளாக மறைத்து வாழ்ந்தார்கள்; இன்று அதே குடும்பங்கள் அந்தப் பதிவேடுகளில் தம் முன்னோரைத் தேடிச் செல்கின்றன. அந்த ஆவணங்கள் 2007-இல் யுனெஸ்கோவின் உலக நினைவகப் பட்டியலில் சேர்ந்தன. கம்போடியாவில் கெமர் ரூஜ் ஆட்சியின்போது இயங்கிய துவோல் ஸ்லெங் சிறையின் ஆவணங்கள் 2009-இல் சேர்ந்தன; அங்கு எஞ்சியிருக்கும் கைதிகளின் நிழற்படங்கள் ஐந்தாயிரத்துக்கும் மேல். அவற்றில் பெயர் தெரியாத முகங்களை உறவினர்கள் பார்த்தால்தான் பெயர் கிடைக்கும். எனவே மூடியே வைப்பதும் ஓர் அநீதியாகிவிடக்கூடும். பொதுவெளியில் பெயர், ஆண்டு, பதிவு எண் ஆகியவற்றை மட்டும் வைத்து, முழுப் பக்கத்தையும் விண்ணப்பித்துக் கேட்பவருக்குக் காட்டுவது நடுவழியாக எனக்குப் படுகிறது.

இன்னொன்றையும் மறவாதீர்கள். அந்தப் பதிவேட்டை எழுதியது சிறை. "முரடன்", "சோம்பேறி" என்று குறிப்புக் கட்டத்தில் இருப்பது வார்டரின் (சிறைக் காவலரின்) சொல். பட்டியலில் அதை அப்படியே மேற்கோளாகக் கொடுங்கள். உங்கள் விவரிப்பாக ஆக்கிவிடாதீர்கள். பெயரின் எழுத்துக்கூட்டலையும் மூலத்தில் உள்ளபடியே கொடுத்து, இன்றைய வடிவத்தைத் தனிக் கட்டத்தில் சேருங்கள்.

நுட்பத்தைப் பொறுத்தவரை, டிஃப் கோப்பாக (தரம் குறையாமல் சேமிக்கும் பட வகை) 400 டிபிஐ (அங்குலத்துக்கு 400 புள்ளிகள்) அளவில் எடுத்து, ஒவ்வொரு கோப்புக்கும் சரிபார்ப்புத் தொகையை (கோப்பு பின்னர் மாறியிருந்தால் காட்டிக்கொடுக்கும் எண்) கணக்கிட்டு, மூன்று படிகள் வையுங்கள். அவற்றில் ஒன்றாவது வேறு கட்டடத்தில் இருக்கட்டும். ஸ்கேன் முடிந்ததென்று மூல ஏட்டைக் கழிக்க யாரேனும் கிளம்பினால், ஏட்டறை ஐயா சொன்னதை அவருக்குக் காட்டுங்கள்.

ஏட்டறை எழுதியது:

கொட்டடிச் சுவர்களைப் பற்றி யாரும் பேசவில்லை. வெள்ளையடிப்பதற்குமுன் அவற்றை, துருவும்எண்ணெயும் சொன்ன அதே சாய்வு வெளிச்சத்தில் படம் எடுங்கள். ஒருகாலத்தில் சிறையாகவும் இருந்த லண்டன் கோபுரக் கோட்டையின் பீச்சம் (Beauchamp) கோபுரத்தில் 16-ஆம் நூற்றாண்டுக் கைதிகள் கீறிய எழுத்துகள் இன்றும் உள்ளன. பதிவேட்டில் கைதியின் குரல் அநேகமாகக் கிடைக்காது, சுவரில் கிடைக்கும்.

சாவிக்கொத்து எழுதியது:

இன்று தட்டுகளுக்கு எண் கொடுத்து முடித்தோம். ஒரு பித்தளை வில்லையின் எண், சாவிப் பதிவேட்டில் ஒரு தனிக்கொட்டடிக்கு நேராக இருந்தது; சாவியைக் கொண்டுபோய்ப் பார்த்தோம், பூட்டில் பொருந்தியது. திருப்பவில்லை. கீழ்த்தட்டின் பின்புறம் ஒரு தகரப் பெட்டியில் சுருள்களாகவும் துண்டுகளாகவும் பிலிம் நெகட்டிவ்கள் இருக்கின்றன. மூடியைத் திறந்ததும் நெடி மூக்கில் ஏறியது. சில ஒன்றோடொன்று ஒட்டிப் பழுப்பாகியுள்ளன. கண்ணாடி நெகட்டிவ்களோடு சேர்த்து வைக்கலாமா?

நிழற்படி எழுதியது:

வைக்க வேண்டாம். நெடி புளித்த காடிபோல் இருந்தால் அது அசிட்டேட் பிலிம். தனியே குளிர்ந்த இடத்தில் வைத்தால் போதும். காரமாக மூக்கை எரித்தால், பழுப்பாகிப் பிசுபிசுத்தால், அது நைட்ரேட் பிலிமாக இருக்கக்கூடும். 1950-களின் தொடக்கம் வரை அந்த வகை தயாரிக்கப்பட்டது. எளிதில் தீப்பிடிக்கும், பிடித்தால் தண்ணீராலும் அணையாது. பிரித்துப் பார்க்க வேண்டாம், இறுக்கி மூடவும் வேண்டாம். அறையை விட்டு எல்லாரும் வெளியே வந்து, மின் சுவிட்சுகளைத் தொடாமல், இன்றே தீயணைப்புத் துறையிடம் சொல்லி, அவர்கள் சொல்கிறபடி அதை வெளியே எடுங்கள். மற்ற வேலைகளை நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம்.