புதுப்பிப்பு: அப்பாவின் பேச்சுப் பயிற்சி, மூன்று மாதங்களுக்குப் பின்

பக்கவாதத்துக்குப் பின் அஃபேசியா (மூளை பாதிப்பால் பேச்சும் மொழியும் தடுமாறும் நிலை) வந்த அப்பா, பட அட்டைகளைக் கண்டாலே முகத்தைத் திருப்பிக்கொள்கிறார் என்று முன்பு எழுதியிருந்தேன். முழு மதிப்பீடு செய்யச் சொன்னவர்களுக்கு மனமார்ந்த நன்றி. அப்படியே செய்தோம்.

புதிய பேச்சு சிகிச்சையாளர் முதல் நாள் ஓர் அட்டையைக்கூட எடுக்கவில்லை. செவித்திறன், பார்வை, விழுங்குதல், மனநிலை எல்லாவற்றையும் விசாரித்தார். வலது காது மந்தம் என்பது அப்போதுதான் தெரிந்தது. இத்தனை நாளும் நாங்கள் அந்தப் பக்கமே உட்கார்ந்து பேசியிருக்கிறோம்! பக்கவாதம் வந்தவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு மனச்சோர்வு வருகிறது. அப்பாவுக்கும் இருந்தது, அதற்குத் தனியாக மருத்துவரைப் பார்க்கிறோம்.

உலக சுகாதார நிறுவனம் 2001-இல் ஏற்ற ஐசிஎஃப் என்ற, ஒருவரின் உடல்நலத்தையும் செயல்பாட்டையும் விவரிக்கும் சர்வதேச வகைப்பாடும் இப்படித்தான் பார்க்கச் சொல்கிறது: குறைபாட்டோடு அன்றாடச் செயல், பங்கேற்பு, சூழல் எல்லாம் சேர்த்து.

பிறகு சிகிச்சையாளர் அப்பாவிடமே கேட்டார், எது முதலில் வேண்டும் என்று. அப்பா தொலைபேசியைக் காட்டினார். பேத்தியோடு பேச வேண்டும். இப்போது பயிற்சியே அதுதான். எங்களுக்கும் பயிற்சி உண்டு: சொல்லை எடுத்துக்கொடுக்காமல் காத்திருப்பது. அது எவ்வளவு கடினம் தெரியுமா!

நேற்று மேசையில் விரலால் முதல் எழுத்தை எழுதிப் பார்த்துவிட்டு, பேத்தியின் பெயரை முழுதாகச் சொன்னார்.