0462 நம்பர் வந்தால் கட் பண்ணாதீங்க

குழு: மேலவீட்டுக் குடும்பம்

ஞாயிறு

தங்கம் அத்தை, காலை 6:48
எல்லாரும் கேளுங்க. 0462 என்று தொடங்குற நம்பர் வந்தால் கட் பண்ணாதீங்க. அது பாளையங்கோட்டை ஜெயிலில் இருந்து தம்பி கூப்பிடுறது. வியாழக்கிழமை யாரோ எடுத்த கையோட வச்சிட்டீங்களாம். நேற்று அங்க தன் ஆளை மனு போட்டுப் பார்க்கப் போன பக்கத்து ஊர்க்காரிகிட்ட சொல்லி அனுப்பியிருக்கான்.

ராஜன் மாமா, 6:55
நான்தான். லோன் வேணுமா என்று கேட்கிறவங்க என்று நினைச்சிட்டேன். ஒரு நாளைக்கு நாலஞ்சு வருது. ஹலோ சொல்லக்கூட விடல.

தங்கம் அத்தை, 6:56
என் போன் ரிப்பேரில் இருக்கு, இந்த வாட்ஸ்அப் மட்டும் வேற போனில் பார்க்கிறேன். அதான் உங்களுக்கு அடிச்சிருக்கான். நம்ம ரெண்டு பேர் நம்பரும்தான் அங்க எழுதிக் கொடுத்திருக்கு.

அஜின், 7:03
மாமா அந்த நம்பருக்குத் திரும்ப அடிச்சிருக்கலாமே?

தங்கம் அத்தை, 7:05
நாம கூப்பிட முடியாது மக்களே. அவன் கூப்பிட்டால்தான் உண்டு. மாசம் 10 தடவை, ஒரு தடவைக்கு 12 நிமிஷம். அதுக்கும் வரிசையில் நிற்கணும். அன்னைக்கு அவனுக்கு மறுபடி முறை வரல.

ராஜன் மாமா, 7:09
மனசு சரியில்ல தங்கம். நாளைக்கு நானே போய் மனு பார்த்துட்டு வாறேன்.

தங்கம் அத்தை, 7:20
வேண்டாம் அண்ணே. போன மாசம் நான் போனதையே கேளுங்க. குலசேகரத்தில் இருந்து முதல் பஸ். டவுன் பஸ் வரைக்கும் பெண்களுக்கு இலவசம், நாகர்கோவில் வடசேரியில் திருநெல்வேலி பஸ் ஏறினால் டிக்கெட். அங்க இறங்கி ஆட்டோ. ஆதார் ஜெராக்ஸ் எடுத்து, மனு எழுதிக் கொடுத்து, வெயிலில் உட்கார்ந்து, கடைசியில் கம்பிக்கு அந்தப் பக்கம் அவன், இந்தப் பக்கம் நான். சுற்றிலும் இருபது பேர் கத்துறாங்க. சாப்பிட்டியா என்று கேட்டதற்கு அவன் என்ன பதில் சொன்னான் என்று இன்னைக்கு வரைக்கும் தெரியாது. முந்திரி அண்டி ஆபீஸில் ஒரு நாள் கூலியும் போச்சு. போனில் என்றால் அவன் மூச்சு விடுறது கூடக் கேட்கும்.

ஷீபா (அமெரிக்கா), 7:31
அத்தை, இங்க இப்ப சனி ராத்திரி. டியூட்டிக்குப் போற வழியில் படிச்சேன். என் கூட வேலை பார்க்கிற ஒருத்தியும் இதே கதைதான். மகன் கவுண்டி ஜெயிலில், நம்ம மாவட்ட ஜெயில் மாதிரி, கேஸ் இன்னும் முடியல. நடுராத்திரி பிரேக்கில் போன் வரும். முதலில் ரெக்கார்டு பண்ணின குரல், இது ஜெயிலில் இருந்து வருது, ஏற்க இந்த எண்ணை அழுத்துங்க என்று. அவள் அழுத்திட்டு சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கிட்டேதான் பேசுவாள்.

ஷீபா (அமெரிக்கா), 7:33
காசு முன்கூட்டியே போட்டு வைக்கணும். போடுறதுக்கே தனிக் கட்டணம் வாங்கியிருக்காங்க. கரண்ட் பில்லை விட இது கூட என்று சொல்லுவாள்.

அஜின், 7:36
அமெரிக்காவில் போன் பேசக் காசா? இங்கயே ரீசார்ஜ் பண்ணினால் எவ்வளவு வேணும்னாலும் பேசலாம்.

ஷீபா (அமெரிக்கா), 7:41
வெளியில் நமக்கு அப்படித்தான். ஜெயிலுக்குள்ள ஒரே கம்பெனிதான், வேற வழி கிடையாது. அந்தக் கம்பெனி வருமானத்தில் ஒரு பங்கை ஜெயிலுக்கே கமிஷனாகக் கொடுத்து வந்தது. அப்புறம் எந்த ஜெயில் விலையைக் குறைன்னு கேட்டிருக்கும்? பெரிய கவுண்டி ஜெயில்களில் 15 நிமிஷத்துக்கு 11 டாலர் 35 சென்ட் வரைக்கும் வாங்கியிருக்காங்க. 2024இல் அரசாங்கத்தோட தொலைத்தொடர்பு ஆணையமே சொன்ன கணக்கு இது.

ராஜன் மாமா, 7:43
900 ரூபாய்க்கு மேலே வருதே! நான் சவுதியில் இருந்த காலத்தில் போன் கார்டு தேய்ச்சுப் பேசினேன். அதிலும் இப்படிக் கொள்ளை இல்ல.

ஜெனிஷ், 7:46
இந்தச் செய்தி நீக்கப்பட்டது

தங்கம் அத்தை, 7:52
அழிக்க வேண்டாம் ஜெனிஷ், நான் படிச்சாச்சு. தப்பு செய்தவன் கட்டட்டும் என்றுதானே எழுதினாய்? அவனுக்கு ஏது மக்களே காசு? உள்ள அவன் கணக்கில் பணம் போடுறது நான். அண்டி உரிச்ச கை இது.

ஜெனிஷ், 7:53
மன்னிச்சிடுங்க அத்தை. யோசிக்காமல் எழுதிட்டேன்.

தங்கம் அத்தை, 7:54
சரி விடு. காப்பி குடிச்சியா?

ஷீபா (அமெரிக்கா), 8:02
அத்தை, உங்களை மாதிரி ஒரு அம்மாதான் இங்க இதைக் கேள்வி கேட்டாங்க. மார்த்தா ரைட். வாஷிங்டன் ஊர், ரிட்டயர் ஆன நர்ஸ். கண் தெரியாது. பேரனை எங்கெங்கேயோ தூரத்து ஜெயில்களில் மாற்றி மாற்றிப் போட்டாங்க. கடிதம் வந்தால் படிக்க முடியாது, போன் ஒண்ணுதான். 2000இல் வழக்குப் போட்டாங்க. கோர்ட்டு ஆணையத்துக்கிட்ட போ என்று அனுப்பிச்சு.

தங்கம் அத்தை, 8:04
கண் தெரியாத அம்மாவா? ஜெயிச்சாங்களா?

ஷீபா (அமெரிக்கா), 8:11
ஆணையம் முதல் தடவை உச்சவரம்பு வச்சது 2013இல். அதுவும் ஒரு மாநிலத்தில் இருந்து இன்னொரு மாநிலத்துக்குப் பேசினால் மட்டும். உள்மாநில அழைப்புக்கும் வரம்பு கொண்டு வந்தபோது, அதிகாரம் இல்லன்னு 2017இல் கோர்ட்டு அடிச்சுப் போட்டது. அதுக்குள்ள 2015இலேயே அந்த அம்மா இறந்துட்டாங்க. 2023 ஜனவரியில்தான் ஆணையத்துக்கு அந்த அதிகாரம் கொடுத்து அவங்க பேரிலேயே சட்டம் வந்தது.

அஜின், 8:13
வழக்குப் போட்டு 23 வருஷம். பேரனுக்கே நரைச்சிருக்கும்.

ஷீபா (அமெரிக்கா), 8:19
இன்னும் முடியல அஜின். அந்தச் சட்டத்தை வச்சு 2024இல் பெரிய ஜெயில்களில் நிமிஷத்துக்கு 6 சென்ட் என்று குறைச்சாங்க. 11 டாலர் அழைப்பு 90 சென்ட் ஆகணும். 2025 ஜூனில் அதை 2027க்குத் தள்ளி வச்சாங்க, அக்டோபரில் வரம்பையே உயர்த்திட்டாங்க. கனெக்டிகட் மாதிரி சில மாநிலங்களில் சிறையில் இருந்து பேசுறது இலவசம். நியூயார்க் நகர ஜெயில்களில் 2019இல் இருந்தே இலவசம். நான் இருக்கிற இடத்தில் அந்தக் கொடுப்பினை இல்ல.

ராஜன் மாமா, 8:22
நம்ம ஊரில் கோர்ட்டு வாய்தாதான் நீளம் என்று நினைச்சேன்.

தங்கம் அத்தை, 8:25
உன் கூட வேலை பார்க்கிற பிள்ளைகிட்ட, ஊரில் ஒரு அத்தை விசாரிச்சதாகச் சொல்லு ஷீபா.

ஷீபா (அமெரிக்கா), 8:26
சொல்றேன் அத்தை. டியூட்டிக்கு நேரமாச்சு.

ராஜன் மாமா, 8:40
தங்கம், அந்த நம்பரை ‘தம்பி’ என்று சேவ் பண்ணிட்டேன். ரிங்டோனும் தனியாக வச்சாச்சு. அஜின்தான் வச்சுத் தந்தான், நாதஸ்வரம். ஊரே கேட்கும்.

புதன்

ராஜன் மாமா, காலை 10:17
தம்பி கூப்பிட்டான்! தங்கத்தைக் கூப்பிட ஆள் ஓடியிருக்கு. அதுவரைக்கும் நான் பேசிக்கிட்டு இருக்கேன்.

அஜின், 10:18
பேசிக்கிட்டே எப்படி மாமா டைப் பண்றீங்க?

ராஜன் மாமா, 10:19
ஸ்பீக்கரில் போட்டிருக்கேன்.

தங்கம் அத்தை, 10:44
அண்ணன் வீட்டுக்கு ஓடி வந்து சேர்ந்தேன். 12 நிமிஷத்தில் ஏழு நிமிஷம் இவர் ரப்பர் விலையும், மழையில் பால் வெட்டு நின்ன கதையும் பேசித் தீர்த்துட்டார்.

ராஜன் மாமா, 10:46
அவன்தான் கேட்டான்! மரத்துக்கு மழைக்காப்பு போட்டாச்சா என்று. அவன் வெட்டின மரமாச்சே.

தங்கம் அத்தை, 10:49
சரி சரி. பல் வலி குறைஞ்சிருக்காம். என் போன் நாளைக்குக் கிடைச்சிடும். அடுத்த தடவை முதலில் நான், மிச்சம் இருந்தால் ரப்பர்.