பதிவுபெற்ற டயட்டீஷியன் யாராவது தெரியுமா?

அம்மாவுக்குச் சர்க்கரையோடு, சிறுநீரகம் தளர்ந்தால் ரத்தத்தில் கூடும் கழிவான கிரியாட்டினினும் இப்போது ஏறியிருக்கிறது. ‘ஊட்டச்சத்து நிபுணர்’ என்று பலகை வைத்திருந்த ஒருவரிடம் அழைத்துப்போனோம். மரச்சீனிக்கிழங்கு, நேந்திரம்பழம், மீன் எல்லாவற்றையும் நிறுத்தச் சொல்லிவிட்டு, புரதப்பொடி டப்பாவை நீட்டினார். சிறுநீரகம் தளர்ந்தவருக்குப் புரதப்பொடியா! என்ன படித்தீர்கள் என்று கேட்டதற்கு, சுவரில் தொங்கிய இரண்டு நாள் பயிற்சிச் சான்றிதழைக் காட்டினார்.

2021இல் வந்த துணை மருத்துவத் தொழில்களுக்கான தேசிய ஆணையச் சட்டத்தில் டயட்டீஷியன், நியூட்ரிஷனிஸ்ட் இருவருமே வருகிறார்கள். இந்தியன் டயட்டெட்டிக் அசோசியேஷனும் தேர்வு வைத்து ‘பதிவுபெற்ற டயட்டீஷியன்’ தகுதி தருகிறது.

நாகர்கோவில், தக்கலை, மார்த்தாண்டம் வட்டாரத்தில் அத்தகுதியோடு சிறுநீரக நோயாளிகளைப் பார்த்துப் பழகிய ஒருவரைத் தெரிந்தால் சொல்லுங்கள். நம் ஊர்ச் சாப்பாடு அறிந்தவரென்றால் இன்னும் நல்லது. அம்மா ஓட்ஸைத் தொடவே மாட்டாள்.