டான்செட் முடிந்தது, எம்பிஏ வகுப்புக்கு முன்னால் எந்தக் கணக்கைப் படிப்பது?

வாலாஜா_வாசி:

எல்லோருக்கும் வணக்கம். டான்செட் (எம்பிஏ நுழைவுத் தேர்வு) மார்க் நன்றாகவே வந்திருக்கிறது, கவுன்சலிங் முடிந்து எம்பிஏ வகுப்பு தொடங்க இன்னும் சில மாதம் இருக்கிறது. நான் பி.ஏ. வரலாறு, பிளஸ் டூவிலும் கணக்கு இல்லாத குரூப். இப்போது ராணிப்பேட்டை சிப்காட்டில் ஒரு தோல் கம்பெனியில் ஏற்றுமதி டாக்குமெண்ட் பார்க்கிறேன், அதனால் இன்வாய்ஸ், டாலர் ரேட், சதவீதம் எல்லாம் கைக்குப் பழகியதுதான். பரீட்சைக்காகப் படித்த ரயில் கணக்கு, குழாய் கணக்கும் ஓரளவு வரும். ஆனால் முதல் வருடத்தில் ஸ்டாட்ஸ் (புள்ளியியல்), ஃபைனான்ஸ், ஓஆர் (ஆபரேஷன்ஸ் ரிசர்ச்) என்று வரிசையாக வரும் என்கிறார்கள். வேலை முடிந்து வீடு சேர்ந்தால் தினம் ஒரு மணி நேரம்தான் கிடைக்கும், கோச்சிங் போகிற எண்ணம் இல்லை. எதை முதலில் எடுப்பது? கால்குலஸ் தெரியாமல் சமாளிக்க முடியுமா?

சத்துவாச்சாரி_அக்கா:

முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன் ம்மா, நுழைவுத் தேர்வுக் கணக்கு வேறு, உள்ளே போனதும் வருகிற கணக்கு வேறு. அங்கே வேகம்தான் எல்லாம். இங்கே யாரும் உன்னை அவசரப்படுத்த மாட்டார்கள், கால்குலேட்டரும் எக்செலும் இருக்கும், ஆனால் எந்தத் தொகையை எந்த வருடத்தில் வைப்பது என்று நீதான் முடிவு செய்ய வேண்டும்.

நம் அரசுப் பாடநூலில் 11, 12-ஆம் வகுப்பு ‘வணிகக் கணிதம் மற்றும் புள்ளியியல்’ இருக்கிறதே, அதையே எடு. நிதியியல் கணிதம், நிகழ்தகவு, ஒட்டுறவு, தொடர்புப் போக்கு (ரிக்ரஷன்), நேரியல் திட்டமிடல், இயல்நிலைப் பரவல், எல்லாமே அதில் இருக்கிறது, நெட்டில் இலவசமாகவே கிடைக்கும். தமிழ், ஆங்கிலம் இரண்டையும் இறக்கிக்கொள், தமிழில் புரிந்துகொண்டு அதே பக்கத்தை ஆங்கிலத்தில் ஒரு முறை பார்த்தால் வகுப்பில் ‘ரிக்ரஷன்’ என்று கேட்கும்போது திகைக்க மாட்டாய்.

கூட்டு வட்டியிலிருந்து தொடங்கு. உன் கம்பெனியையே வைத்துச் சொல்கிறேன். தோல் உலர்த்த 10 லட்சத்துக்கு ஒரு மெஷின் வாங்குகிறார்கள், அது நான்கு வருடம் வருடத்துக்கு 3 லட்சம் மிச்சப்படுத்தும் என்று வை. மொத்தம் 12 லட்சம், 2 லட்சம் லாபம் என்றுதான் முதலில் தோன்றும். பணத்துக்கு 10 சதவீதம் வட்டி என்றால் முதல் வருடத்து 3 லட்சம் இன்றைக்கு 2,72,727தான், அடுத்தது 2,47,934, அப்புறம் 2,25,394, கடைசி 2,04,904. கூட்டினால் 9,50,959. போட்ட பணத்துக்கே கிட்டத்தட்ட 49,000 குறைகிறது! இதைக் கையால் ஒரு தரம் போட்டுப் பார்க்காமல் எக்செலுக்குப் போகாதே. எக்செலில் என்பிவி (நிகர இன்றைய மதிப்பு) ஃபங்ஷன் முதல் தொகையே ஒரு வருடம் கழித்து வருவதாகத்தான் எடுத்துக்கொள்ளும், இன்று கட்டும் 10 லட்சத்தை அதற்கு வெளியே கழிக்க வேண்டும். கையால் போட்டவர்களுக்கு இது உடனே பிடிபடும். இது வந்துவிட்டால் ஏலச்சீட்டில் தள்ளி எடுப்பவர் உண்மையில் என்ன வட்டி கட்டுகிறார் என்று போட்டுப் பார், ஐஆர்ஆர், அதாவது வரவும் செலவும் இன்றைய மதிப்பில் சமமாகும் வட்டி, என்பது அதேதான்.

ஆம்பூர்_லைன்:

அக்கா சொன்ன புத்தகம் சரி, வரிசையில்தான் எனக்கு வேறு கருத்து. ஸ்டாட்ஸை முதலில் எடுங்கள். ஃபைனான்ஸ் ஃபார்முலா நான்கு வாரத்தில் வந்துவிடும், நிகழ்தகவு மனதில் உட்கார நாளாகும், மார்க்கெட்டிங்கிலும் தரக்கட்டுப்பாட்டிலும் ஃபைனான்ஸிலும் திரும்பத் திரும்ப வருவதும் அதுதான்.

நான் ஷூ யூனிட்டில் குவாலிட்டியில் இருக்கிறேன். ஒரு பெரிய லாட்டில் 400 ஜோடி எடுத்துப் பார்க்கிறோம், 16-ல் குறை, அதாவது 4 சதவீதம். பையரோ 3 சதவீதத்துக்கு மேல் கூடாது என்கிறார். லாட் போச்சு என்று சொல்லிவிடலாமா? 0.04-ஐ 0.96-ஆல் பெருக்கி 400-ஆல் வகுத்து வர்க்கமூலம் எடுத்தால் ஏறக்குறைய 1 சதவீதம், அதுதான் திட்டப் பிழை. இரண்டு பக்கமும் இரண்டு மடங்கு விட்டால் உண்மையான குறை 2-லிருந்து 6 சதவீதத்துக்குள் எங்கே வேண்டுமானாலும் இருக்கலாம், 3-ஐத் தாண்டிவிட்டது என்று இந்த 400-ஐ வைத்து அடித்துச் சொல்ல முடியாது. இந்த இடைவெளியைப் பாதியாக்க வேண்டுமென்றால் 800 போதாது, 1,600 ஜோடி பார்க்க வேண்டும். வர்க்கமூலம் செய்கிற வேலை அது. கருதுகோள் சோதனை என்று பெரிய பெயர் சொன்னாலும் உள்ளே இருக்கும் கேள்வி இவ்வளவுதான், இதை உங்கள் வேலையில் ஒரு விஷயத்தில் கேட்டுப் பழகிவிட்டால் இசட் டேபிள், டி டேபிள் எல்லாம் தானாக வரும்.

கால்குலஸ் தேவையில்லை என்றே சொல்வேன், நேரம் குறைவு.

தொரப்பாடி_டியூஷன்:

கால்குலஸை முழுதாக விடச் சொல்வதை ஏற்க முடியவில்லை தம்பி. தொகை நுண்கணிதம் வேண்டாம், சரி. ஆனால் பொருளியல் வகுப்பில் மார்ஜினல் என்ற சொல் முதல் வாரமே வந்துவிடும், ஒன்று கூடினால் எவ்வளவு மாறும் என்பதுதான் அது, கால்குலஸில் வகையிடல் (டிஃபரன்ஷியேஷன்).

ஒரு பொருள் 100 ரூபாயில் ஒன்றுகூட விற்காது, விலை ஒவ்வொரு ரூபாய் இறங்கும்போதும் ஒன்று கூடுதலாக விற்கும், செய்யும் செலவு ஒன்றுக்கு 20 ரூபாய். 39 விற்றால் விலை 61, லாபம் 1,599. 40 விற்றால் விலை 60, லாபம் 1,600. 41 விற்றால் 1,599. கவனியுங்கள், 41-ல் விற்றுமுதல் 2,400-லிருந்து 2,419 ஆகக் கூடத்தான் செய்கிறது, லாபம்தான் குறைகிறது, ஏனென்றால் அந்த 41-ஆவது கொண்டுவந்தது 19 ரூபாய், தின்றது 20 ரூபாய். இந்த மூன்று வரியைக் கையால் எழுதியவருக்கு, விற்கும் எண்ணிக்கை q என்றால் விற்றுமுதல் 100q − q², அதை வகையிட்டால் 100 − 2q, அதை 20-க்குச் சமப்படுத்தினால் 40 என்பது மந்திரமாகத் தெரியாது. x-இன் அடுக்குகளை வகையிடத் தெரிந்தால் முதல் வருடத்துக்குப் பெரும்பாலும் போதும். பத்து நாள் மாலை ஒதுக்கினால் முடிந்துவிடும்.

வாலாஜா_வாசி:

ரொம்ப நன்றி. மெஷின் கணக்கை இப்போதுதான் போட்டேன், 9,50,959 வந்தது. ஸ்டாட்ஸையும் வட்டியையும் நாள் மாற்றி நாள் எடுக்கிறேன், கால்குலஸ் கடைசியில். புத்தகத்தில் முக்கோணவியல், அணிகள், பகுமுறை வடிவியல் எல்லாம் இருக்கிறதே, எதை விடலாம்?

தொரப்பாடி_டியூஷன்:

முக்கோணவியல் முழுவதும் விடுங்கள். வடிவியலில் நேர்கோடு மட்டும், சாய்வு என்றால் என்ன என்று தெரிய வேண்டும், தொடர்புப் போக்குக்கும் நேரியல் திட்டமிடலுக்கும் அதுதான் அடிப்படை. அணிகளில் பெருக்கல் போதும். மடக்கையை (லாகரிதம்) மட்டும் விட்டுவிடாதீர்கள் ம்மா, பணம் இரட்டிப்பாக எத்தனை வருடம் என்று வட்டியிலிருந்து பின்னோக்கிப் போக அது வேண்டும். 12 சதவீதத்தில் ஆறு வருடத்துக்குச் சற்று மேல் வரும், போட்டுச் சரிபாருங்கள்.