மறு: பெர்ஃபியூஷனிஸ்ட் – கையேட்டுக்கு ஒரு சொல்

குழுவினருக்கு வணக்கம்.

எஸ்.பி.எம். (மலேசியாவில் படிவம் 5 முடிவில் எழுதும் தேர்வு) மாணவர்களுக்கான தொழில் வழிகாட்டி வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. இந்த ஒரு தொழிலின் தலைப்பு மட்டும் இன்னும் தமிழ்ச்சொல் இல்லாமல் பெர்ஃபியூஷனிஸ்ட் என்றே நிற்கிறது. ‘இதய நுரையீரல் இயந்திர இயக்குநர்’ என்ற பரிந்துரையை என்னால் ஏற்க இயலவில்லை. பொத்தானை அழுத்துவதுதான் இவர் வேலை என்று படிவம் 5 மாணவர் எண்ணிவிடுவார். நெஞ்சைத் திறந்து இதயத்தை நிறுத்திச் செய்யும் அறுவையின்போது, உடலிலிருந்து வடியும் இரத்தத்துக்கு உயிர்வளி ஏற்றி, அதன் வெப்பத்தைச் சரிசெய்து, பெருந்தமனிக்குத் திருப்பி அனுப்புபவர் இவர். இரத்தம் உறையாமல் தடுக்கும் ஹெப்பாரின் மருந்து போதுமா என்று உறைவு நேரத்தை அடிக்கடி சோதிக்கிறார். வடிந்த இரத்தம் சேரும் இயந்திரச் சேமகலத்தில் இரத்த மட்டம் இறங்கினால் அந்த நொடியே ஓட்டத்தைக் குறைக்கிறார், இல்லையேல் குழாயில் காற்றுப் புகுந்து மூளை வரை போய்விடும். 1953 மே 6 அன்று பிலடெல்ஃபியாவில் அறுவை மருத்துவர் ஜான் கிப்பன் 18 வயதுப் பெண்ணின் இதயத்துளையை அடைத்தபோது, அவளுடைய இதயமும் நுரையீரலும் செய்ய வேண்டிய வேலையை 26 நிமிடங்கள் முழுமையாகச் செய்தது இதய நுரையீரல் இயந்திரமே.

ஆகவே ‘குருதிப்பாய்ச்சுநர்’ என்பதை முன்வைக்கிறேன். வயலுக்கு நீர் பாய்ச்சுவதுபோல் உறுப்பெங்கும் குருதியைச் செலுத்துபவர் என்ற பொருள் அதில் தெளிவாக இருக்கிறது.

– தொகுப்பாளர், பிரிக்பீல்ட்ஸ்

அன்புள்ள தம்பி,

குருதி சரி, குறுந்தொகையின் முதல் பாட்டே காந்தளைக் குருதிப்பூ என்கிறது. ஆனால் ‘கத்தியைப் பாய்ச்சினான்’ என்றும் சொல்கிறோமே, அறுவைக்கூடத்துக்கு அந்த நிழல் ஆகாது. ‘மடை’ என்ற சொல்லைப் பாருங்கள். வாய்க்காலில் நீரை விடுவதும் மடை, மடைப்பள்ளியில் ஆக்கும் சோறும் மடை. செவிமடுத்தலில் உள்ள ‘மடு’ என்னும் வினையே இரண்டுக்கும் வேர் என்பது என் துணிபு. ஓட்டத்தைத் திறந்தும் அடைத்தும் உறுப்புகளுக்கு ஊட்டுபவரைக் ‘குருதிமடையர்’ என்றால் இரு பொருளும் அடங்கும். மடையர் சமையற்காரரைக் குறித்த பழஞ்சொல், வசையானது பிற்காலத்தில்.

– ஓய்வுபெற்ற ஆசிரியர், பினாங்கு

ஐயா, வணக்கம்.

வேர் எதுவானாலும், அறுவைக்கு முந்தின நாள் இரவு ‘நாளை உங்களுக்கு மடையர் வருவார்’ என்று எந்த நோயாளியிடமும் எங்களால் சொல்ல முடியாது. வார்டில் குருதி என்றாலே பாட்டிமார் விழிக்கிறார்கள். இரத்ததானம் என்று பழகிய காது அது. ‘இரத்த ஓட்ட வல்லுநர்’ என்று போடுங்கள்.

– தாதி, கோலாலம்பூர்

அக்கா, அப்படிப் போட்டால் இரத்தக்குழாய் மருத்துவர் என்றே படிப்பார்கள். மறுமொழி எழுதிய மற்றவர்களில் பெரும்பாலோர் பாய்ச்சுநர் பக்கம் நிற்பதால் ‘குருதிப்பாய்ச்சுநர்’ என்றே அச்சுக்கு அனுப்புகிறேன். மாணவர்கள் விண்ணப்பத்தில் தேட வேண்டிய பெர்ஃபியூஷனிஸ்ட் அதன் கீழே இருக்கும்.

– தொகுப்பாளர்

தம்பி, அச்சிடுங்கள், தடுக்கவில்லை. என் இசைவு மட்டும் அதற்கு இல்லை. மடைக்கான சான்றுகளைத் தனி மடலில் எழுதுகிறேன்.

– பினாங்கு