பிழையற்ற தொடரைத் தேர்ந்தெடுத்தல்: சில அனுபவங்கள்

தேர்வர், திருச்சி

தமிழ்நாடு அரசுப் பணியாளர் தேர்வாணையத்தின் தொகுதி 4 தேர்வுக்காக நூலகத்தில் கூடிப் படிக்கும் எங்கள் குழுவில் வாக்குவாதம் மிகுவது, ‘பிழையற்ற தொடரைத் தேர்ந்தெடுக்க’ என்னும் வினாவகையில்தான். மொத்தமுள்ள 200 வினாக்களில் 100 தமிழுக்கு உரியவை. வினா ஒன்றுக்கு ஒன்றரை மதிப்பெண். தமிழில் 60 மதிப்பெண்ணை எட்டாதவரின் பொது அறிவுப் பகுதி மதிப்பிடப்படுவதே இல்லை என்பதால், இத்தகைய வினாக்களை யாரும் எளிதாக விட்டுவிடுவதில்லை.

பயிற்சிக்காக நாங்களே அமைத்த வினா ஒன்றைச் சொல்கிறேன்.

அ) ஏரிக்கரையில் நின்ற மரங்களின் நிழல் நீரில் விழுந்தன.
ஆ) ஏரிக்கரையில் நின்ற மரங்களின் நிழல் நீரில் விழுந்தது.
இ) ஏரிக்கரையில் நின்ற மரங்களின் நிழல்கள் நீரில் விழுந்தது.
ஈ) ஏரிக்கரையில் நின்ற மரத்தின் நிழல் நீரில் விழுந்தன.

குழுவில் பெரும்பாலோர் ‘அ’ என்றனர். தொடரை இடமிருந்து வலமாக வாசிக்கும்போது ‘மரங்கள்’ என்னும் பன்மை மனத்தில் தங்கிவிடுவதால், பயனிலைக்கு வரும் நேரத்தில் ‘விழுந்தன’ என்பதே இயல்பாக ஒலிக்கிறது. பயனிலையிலிருந்து பின்னோக்கிச் சென்று ‘விழுந்தது எது?’ என்று கேட்டால் மட்டுமே ‘நிழல்’ என்னும் ஒருமை எழுவாய் கையில் சிக்கும். செவிக்கு இனிதாகப் பட்டதைத் தேர்ந்தெடுப்பவர்கள் இந்த வகை வினாவில் தொடர்ந்து தடுமாறுவதைக் கண்டிருக்கிறேன்; வினா அமைப்பவர்கள் எழுவாய்க்கு முன்னால் வேறொரு பெயரைச் செருகுவதும் அதற்காகவே.

‘இதற்குப் பொறுப்பாளன் நான் அல்ல’ என்னும் தொடரும் அப்படிப்பட்டதே. நாளிதழ்கள் எல்லா இடத்துக்கும் ‘அல்ல’ என்றே எழுதுகின்றன, அதனால் யாருக்கும் பொருள் குழம்பியதாகத் தெரியவில்லை. ஆனால் தேர்வில் ‘நான் அல்லேன்’ என்பதற்கே மதிப்பெண். ‘அல்ல’ அஃறிணைப் பன்மைக்கு மட்டும் உரியது.

தமிழாசிரியை, தஞ்சாவூர்

மேலே எழுதிய தம்பி சொன்ன பின்னோக்கி வாசிக்கும் முறையை நானும் மாலை வகுப்பில் கற்பிக்கிறேன். எனினும் அம்முறை கைகொடுக்காத இடம் ஒன்று உண்டு. திணை, பால், இடம், காலம், வினா, விடை, மரபு என்னும் ஏழும் மயங்கி வருவது வழு என்று நன்னூல் வகுக்கிறது. இலக்கணப்படி வழுவாக இருந்தும் ஏதேனும் ஒரு காரணத்தால் ஏற்றுக்கொள்ளப்படுவதை வழுவமைதி என்கிறோம். ‘குடியரசுத் தலைவர் நாளை தமிழகம் வருகிறார்’ என்பதைப் பத்தாம் வகுப்புப் பாடநூல் கால வழுவமைதிக்குக் காட்டாகத் தருகிறது. வருகை உறுதி என்பதால் எதிர்காலத்துக்குரிய செயலை நிகழ்காலத்தில் சொல்கிறோம்.

‘அமைச்சர் நாளை வருவார்’, ‘அமைச்சர் நாளை வருகிறார்’ ஆகிய இரண்டும் விடைகளாக நின்ற ஒரு மாதிரித் தாளை எடுத்துக்கொண்டு வந்த பயிலுநர் ஒருவர், இரண்டுமே சரி என்று என்னிடம் நெடுநேரம் வாதிட்டார். அவர் வாதத்தில் நியாயம் இருந்தது. ‘பிழையற்றது’ என்று கேட்டால் முதல் தொடரைத் தேர்ந்தெடுப்பதே பாதுகாப்பு, ‘வழுவமைதி எது?’ என்று கேட்டால் இரண்டாவதைக் குறிக்க வேண்டும். வினாத்தொடரை முழுமையாக வாசிக்காமல் விடைகளுக்குத் தாவுபவர்களிடம் நான் கடுமையாக இருப்பதற்கு இதுவே காரணம். ‘நேற்று வருவான்’ என்பதிலோ இத்தகைய ஐயத்துக்கே இடமில்லை. அது வழு மட்டுமே.

மெய்ப்புத் திருத்துநர், சென்னை

என் தொழிலில் இதன் மறுபக்கத்தை நாள்தோறும் காண்கிறேன். ‘வெள்ளத்தில் சிக்கிய விவசாயியின் மாட்டை மீட்டனர்’ என்னும் செய்தித் தொடரில் ஒருமை பன்மைப் பிழையோ சந்திப் பிழையோ மரபுப் பிழையோ இல்லை. ஆயினும் வெள்ளத்தில் சிக்கியவர் விவசாயியா, சிக்கியது மாடா என்று வாசகர் தயங்குவார். ‘விவசாயியின் மாடு வெள்ளத்தில் சிக்கியது, அதனை மீட்டனர்’ என்று பிரித்தோ, ‘வெள்ளத்தில் சிக்கிய மாட்டை மீட்டு விவசாயியிடம் ஒப்படைத்தனர்’ என்று மாற்றியோ எழுதினால் தயக்கம் நீங்கும். பெயரெச்சத்தை அது தழுவும் பெயருக்கு அருகில் வைப்பதே பெரும்பாலும் போதுமானது.

பயிற்சி மையம் ஒன்றின் மாதிரித் தாளைத் திருத்தியபோது, பிழையான மூன்று தொடர்களோடு மயக்கமுடைய இதே தொடரைச் ‘சரியான’ விடையாக வைத்திருந்ததைக் கண்டேன். இலக்கண விதிப்படி அதைத் தவறு என்று சொல்ல முடியாது என்று மையத்தினர் வாதிட்டனர், நான் ஒப்பவில்லை. பிழையற்ற தொடருக்கு மாதிரியாக ஒன்றைத் தேர்வர் முன் வைக்கும்போது, அது ஒரே பொருளைத் தருவதாகவும் இருக்க வேண்டும். அந்தத் தொடரில் ‘சிக்கிய’ என்பதை ‘மாட்டை’ என்பதற்கு முன்னால் நகர்த்தி, ‘விவசாயியின், வெள்ளத்தில் சிக்கிய மாட்டை மீட்டனர்’ என எழுதித் தந்தேன். ஓசை சற்றுக் கரடுமுரடுதான், ஆனால் மையத்தினர் அதனையே அச்சிட்டனர்.