கிரிக்கெட் ஆட்டக்காரர் உடம்பும் சாப்பாடும்: நீங்கள் நேரில் பார்த்ததைச் சொல்லுங்கள்

திடல் கோச், பெஸ்தாரி ஜெயா

வணக்கம். எங்கள் ஊர்த் திடலில் சாயங்காலம் பையன்களுக்குக் கிரிக்கெட் சொல்லிக்கொடுக்கிறேன். ஊர் பெயர் பெஸ்தாரி ஜெயா என்று மாறினாலும் பெரியவர்களுக்கு இன்னமும் பத்தாங் பெர்ஜுந்தைதான். 1917-இல் மலேசியாவின் முதல் வணிகச் செம்பனைத் தோட்டம் போட்ட தென்னமரம் எஸ்டேட் இந்தப் பக்கம்தான் இருக்கிறது. இங்கே விளையாட்டு என்றால் காற்பந்து. மட்டையைத் தூக்கிக்கொண்டு வரும் பையன்கள் சொற்பம், ஆனால் வந்தவன் லேசில் விடமாட்டான்.

அதில் ஒருவன் ஆஃப் ஸ்பின் போடுகிறான். பந்து விரலை விட்டுக் கிளம்பும்போது சுழலும் சத்தம் பக்கத்தில் நிற்பவர் காதுக்குக் கேட்கும். உடம்பு கொஞ்சம் கனம். வெளியூர் அணியோடு ஆட்டம் வைத்தால், அவன் பந்தைக் கையில் வாங்கும்போதே எல்லைக்கோட்டுப் பக்கம் சிரிப்பு எழும். ஆலையில் ஷிப்டு பார்க்கும் அவன் அப்பாவே என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "சார், இவன் உடம்புக்கு இந்த ஆட்டம் ஒத்துவருமா?" என்று கேட்டார். அதற்குப் பதில் சொல்வதற்காகத்தான், தொழிலாக ஆடுகிறவர்களுக்கு என்ன அளவு வைத்திருக்கிறார்கள் என்று தேட ஆரம்பித்தேன்.

முதலில் யோ-யோ சோதனை. டென்மார்க்கைச் சேர்ந்த யென்ஸ் பாங்ஸ்போ காற்பந்துக்காக வகுத்தது. 20 மீட்டர் இடைவெளியில் இரண்டு கோடு. பீப் சத்தம் கேட்டதும் ஓடி, திரும்பி, அடுத்த பீப்புக்குள் புறப்பட்ட கோட்டுக்கே வந்துவிட வேண்டும். அப்புறம் 10 விநாடி மூச்சுவாங்கலாம். சத்தத்துக்குச் சத்தம் இடைவெளி குறைந்துகொண்டே வரும். மணிக்கு 10 கிலோமீட்டர் வேகத்தில் தொடங்கி, 16-ஆம் நிலைக்குப் போகும்போது 15.5 கிலோமீட்டர் ஆகிவிடும். 2017-இல் இந்திய அணி வைத்த தேர்ச்சி 16.1, அதாவது 16-ஆம் நிலையின் முதல் ஓட்டம். பின்னால் அது 16.5 ஆனது. கூட்டிப் பார்த்தால் 16.1 என்பது 1,120 மீட்டர்தான். தூரத்தைக் கேட்டால் சாதாரணமாகத் தெரியும்.

திடலில் கூம்பு வைத்து, கைப்பேசியில் பீப் ஒலியைப் போட்டு எங்கள் பையன்களை ஓடவிட்டேன். அவர்களுக்கு 16.1 எல்லாம் வைக்கவில்லை, யார் எங்கே நிற்கிறார்கள் என்று பார்க்கத்தான். அன்று கண்ணால் கண்டது என்னவென்றால், பலரை நிறுத்தியது ஓட்டமல்ல, திரும்பும் இடம். கோட்டில் இரண்டு காலையும் ஊன்றி நிமிர்ந்து நின்று திரும்புகிறவனுக்கு ஒவ்வொரு முறையும் ஓர் அடி போய்விடுகிறது. இடுப்பை இறக்கி, வெளிக்காலால் தரையைத் தள்ளித் திரும்புகிறவன் அந்த அடியைச் சேமிக்கிறான். நம் ஸ்பின்னர் அப்படித்தான் திரும்பினான். பந்து வீசும்போது முன்னங்காலில் சுழன்று பழகிய கால் அது.

முதலில் உட்கார்ந்தவர்கள் யார் தெரியுமா? ஒல்லியான பையன்கள். விசாரித்தால் ஒருவன் மதியம் மெகி மட்டும் சாப்பிட்டிருக்கிறான், இன்னொருவன் காலையில் குடித்த மைலோவோடு சரி. கனமான பையன் கடைசிவரை நிற்கவில்லை, அது உண்மை. ஆனால் அவனைப் பார்த்துச் சிரிக்கிற பாதிப் பேரைவிட அதிகம் ஓடினான்.

ஆளைப் பார்த்து உடம்பைக் கணிப்பது எவ்வளவு தவறு என்பதற்கு நம் நாட்டிலேயே சாட்சி இருக்கிறது. 2008-இல் 19 வயதுக்குட்பட்டோர் உலகக் கோப்பையை இங்கே கின்ராரா ஓவல் திடலில் தூக்கிய விராட் கோலிக்கு அன்று கன்னம் உப்பிய முகம். 2012 ஐபிஎல் முடிந்து கண்ணாடியில் தன்னைப் பார்த்துத்தான் மாறத் தீர்மானித்ததாக அவரே சொல்லியிருக்கிறார். அதற்கு வழிகாட்டியது சென்னைக்காரரான உடற்பயிற்சியாளர் சங்கர் பாசு. ஓட்டத்தோடு நிற்காமல் பளுதூக்கும் பயிற்சியையும் உள்ளே கொண்டுவந்தவர். 2008-லேயே அந்த முகத்தைப் பார்த்துக் கழித்துக்கட்டியிருந்தால்?

ஆகவே என் கட்சி இதுதான். அளவு வேண்டும். அது திடலில் செய்யும் வேலையை அளக்க வேண்டும். தவறினால் திரும்பி வர வழியும் விட வேண்டும். 2018 ஐபிஎல்லில் 602 ரன் அடித்த அம்பத்தி ராயுடு யோ-யோவில் தவறி இங்கிலாந்துப் பயணத்தை இழந்தார். அதே ஆண்டு செப்டம்பரில் ஆசியக் கோப்பைக்குத் திரும்பிவிட்டார். முகமது ஷமியும் அதே சோதனையில் தவறி ஆப்கானிஸ்தான் டெஸ்டை விட்டு, தேறி, இங்கிலாந்து போனார். இது நியாயம். தென்னாப்பிரிக்காவின் டேன் வான் நீகெர்க்குக்கு நடந்தது எனக்குத் தாங்கவில்லை. 2 கிலோமீட்டரை ஒன்பதரை நிமிடத்தில் ஓட வேண்டிய இடத்தில் 18 விநாடி கூடிவிட்டது. அதற்காகச் சொந்த மண்ணில் நடந்த 2023 டி20 உலகக் கோப்பை போயிற்று. காலில் எலும்பு முறிந்து மீண்டுகொண்டிருந்த அணித்தலைவி அவர். அடுத்த மாதமே ஓய்வை அறிவித்தார்.

நீங்கள் யாராவது இப்படிப்பட்ட ஆட்டக்காரர்களைப் பக்கத்தில் பார்த்திருந்தால் எழுதுங்கள். குறிப்பாகச் சாப்பாடு. பையன்களின் அம்மாக்கள் அதைத்தான் கேட்கிறார்கள்.

சமையல்கட்டு அக்கா, அஸ்ஸாம் ஜாவா

தம்பி, நான் கோலாலம்பூரில் ஒரு ஓட்டல் சமையலறையில் நீண்ட காலம் இருந்தேன். வெளிநாட்டுக் கிரிக்கெட் அணி ஒன்று வந்து தங்கியது. எந்த அணி என்று சொல்வது முறையில்லை.

அணி வருவதற்கு முன்பே சாப்பாட்டுத் தாள் வந்துவிட்டது. கோழியில் தோல் கூடாது. கறி வைத்தால் தேங்காய்ப்பால் தனி, கறி தனி. குழம்பை மேலே ஊற்றாமல் பக்கத்துக் கிண்ணத்தில் வைக்க வேண்டும். பொரித்தது எதுவும் மேசைக்கு வரக்கூடாது. இதைப் பார்த்துவிட்டு, பாவம் இந்தப் பிள்ளைகள் பட்டினி கிடக்கப்போகிறார்கள் என்று நாங்கள் பேசிக்கொண்டோம். வந்த பிறகு பார்த்தால் சோறு சட்டி சட்டியாகக் காலியாகிறது. ஆட்டத்துக்கு முந்தின ராத்திரி சோறும் பாஸ்தாவும் மலையாகப் போயிற்று. ஆட்டமில்லாத நாளில் அதே ஆட்கள் சோற்றைத் தொட்டும் தொடாமலும், மீன், முட்டை, காய் என்று எடுத்தார்கள். எவ்வளவு என்பதைவிட எப்போது என்பதில்தான் அவர்கள் கண்டிப்பு இருந்தது.

இன்னொன்று உப்பு. நம் ஊர் வெக்கை அவர்களுக்குப் பழக்கமில்லை. வேகப்பந்து போடும் பையன் ஒருவன் பயிற்சி முடிந்து வந்தான், கறுப்புச் சட்டையில் வெள்ளை வெள்ளையாக உப்பு பூத்திருந்தது. எலுமிச்சைச் சாறில் உப்புப் போட்டுத் தரச் சொல்லி வாங்கிக் குடித்தான். சர்க்கரை வேண்டுமா என்றால், கொஞ்சம் போடுங்கள் என்றான். ஆடி முடித்த உடம்புக்கு அது தேவைதான் என்று அவர்களோடு வந்த உணவு நிபுணர் எனக்கு விளக்கினார். ஆடாத நாளில் அதே பையன் சர்க்கரை இல்லாத தேநீர்தான் கேட்பான்.

சம்பல் வாசனைக்கு மயங்கி ஒருவர் பணியாளர் சாப்பிடும் இடத்துக்கே வந்துவிட்டார். நாசி லெமாக் பொட்டலம் ஒன்றைக் கொடுத்தோம். முட்டையையும் வெள்ளரிக்காயையும் முழுசாகச் சாப்பிட்டார். சோற்றில் பாதி, சம்பல் ஒரு கரண்டி. மீதியை அழகாக மடித்து வைத்துவிட்டு, மூன்று முறை நன்றி சொல்லிவிட்டுப் போனார். வேண்டாம் என்று ஒதுக்கவும் இல்லை, அள்ளிப் போட்டுக்கொள்ளவும் இல்லை. அம்மாக்களிடம் இதைச் சொல்லுங்கள், தம்பி.

ஓய்வுபெற்ற கிராணி, கோல சிலாங்கூர்

கோச் தம்பிக்கு வணக்கம். நான் 1998 காமன்வெல்த் விளையாட்டின்போது சுங்கை பூலோ ரப்பர் ஆராய்ச்சி நிலையத் திடலுக்குப் போய் ஆட்டம் பார்த்தவன். அந்த விளையாட்டுப் போட்டியில் ஆண்கள் கிரிக்கெட் இருந்தது அந்த ஒரு முறைதான். தென்னாப்பிரிக்கா ஆஸ்திரேலியாவை வென்று தங்கம் எடுத்தது. எனக்கு ஞாபகம் இருப்பது ஆட்டத்துக்கு முந்தைய நேரம். கயிற்றுக்கு அந்தப் பக்கம் ஆட்டக்காரர்கள் குட்டைக் குட்டையாக ஓடி ஓடித் திரும்புவார்கள். விசில் வைத்திருந்த ஒருவர் நேரம் பார்த்துக்கொண்டு நிற்பார். ஆட்டமே அதற்குப் பிறகுதான் என்பதை நம்ப முடியவில்லை.

வழி விட வேண்டும் என்கிறீர்கள், தம்பி. ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அளவைத் தளர்த்தச் சொல்லாதீர்கள். கனத்த உடம்போடுதான் இலங்கையின் அர்ஜுன ரணதுங்க 1996-இல் உலகக் கோப்பை வாங்கினார், பாகிஸ்தானின் இன்சமாம் நின்ற இடத்திலிருந்தே பந்தை விரட்டினார் என்று எல்லோரும் உதாரணம் காட்டுவார்கள். அவர்கள் மேதைகள். அவர்கள் விட்ட ரன்னைத் தடுக்க வேறு இருவர் கூடுதலாக ஓடியது யார் கணக்கிலும் ஏறவில்லை. ஒருவன் மெதுவாகப் போனால் பந்து வீசுகிறவனுக்குத்தான் நஷ்டம், அந்த ரன் அவன் பெயரில்தான் எழுதப்படும்.

பாகிஸ்தானில் மிஸ்பா உல் ஹக் என்ன செய்தார்? 2016-இல், 42 வயதில், லார்ட்ஸில் சதம் அடித்துவிட்டுத் தரையில் 10 தண்டால் எடுத்தார். ராணுவ முகாமில் பயிற்சி கொடுத்தவர்களுக்கு அது மரியாதை. 2019-இல் பயிற்சியாளராக வந்ததும் அணியின் சாப்பாட்டிலிருந்து பிரியாணியையும் எண்ணெய் மிதக்கும் கறியையும் எடுத்தார். தன் உடம்பில் செய்து காட்டிவிட்டுச் சொன்னதால் அவர் பேச்சு எடுபட்டது. 2017 சாம்பியன்ஸ் கோப்பைக்கு இங்கிலாந்து வரை போன உமர் அக்மலை, உடற்தகுதியில் தேறாததால் வீட்டுக்கு அனுப்பினார்கள். அந்தக் கோப்பையை பாகிஸ்தான் வென்றது.

தாதி, கிராமப்புற கிளினிக்

என் துறையிலிருந்து ஒரு விஷயம். 2019 தேசிய சுகாதார ஆய்வில் நம் நாட்டில் வயது வந்தோரில் 18.3 விழுக்காட்டினருக்கு இனிப்புநீர், அதாவது நீரிழிவு. இந்தியர்களிடம் அது இன்னும் அதிகம். கிளினிக்கில் இளம் வயதினரிடம் கண்டுபிடித்துச் சொன்னால் எல்லாம் முடிந்தது என்று அழுகிறார்கள். அவர்களிடம் நான் பாகிஸ்தான் வேகப்பந்து வீச்சாளர் வசிம் அக்ரமைப் பற்றிச் சொல்வேன். 1997-இல், 30 வயதில், அவருக்கு இனிப்புநீர் என்று தெரிந்தது. இன்சுலின் போட்டுக்கொண்டு 2003 வரை சர்வதேச ஆட்டம் ஆடினார். அவருக்கு வந்தது முதல் வகை, நம்மவர்களிடம் பெரும்பாலும் இரண்டாம் வகை. இரண்டும் ஒன்றல்ல என்பதையும் சேர்த்தே சொல்கிறேன்.

கோச் சார், கனமான பிள்ளையை எல்லோர் முன்னாலும் எடை பார்க்க வேண்டாம். அன்றோடு வருவதை நிறுத்திவிடுவார்கள். நான் பார்த்திருக்கிறேன்.

திடல் கோச், பெஸ்தாரி ஜெயா

அனைவருக்கும் நன்றி. அக்கா எழுதியதை அச்செடுத்து அம்மாக்களிடம் கொடுத்தேன். சோறு எதிரி இல்லை என்று தெரிந்ததே அவர்களுக்குப் பெரிய நிம்மதி.

ஐயா, அளவைத் தளர்த்த நான் சொல்லவில்லை. எதை அளக்கிறோம் என்பதில்தான் என் சண்டை. இலங்கையில் தோல்மடிப்பைக் கிடுக்கியால் பிடித்துக் கொழுப்பை அளக்கும் விதியை எதிர்த்து மட்டையாளர் பானுக ராஜபக்ச 2022 தொடக்கத்தில் ஓய்வே அறிவித்துவிட்டு, பிறகு திரும்பப் பெற்றார். தோலுக்கடியில் எத்தனை மில்லிமீட்டர் என்பது ஓட்டத்தையும் வீச்சையும் நேரே சொல்லாது. 2021-இல் இந்திய வாரியம் வைத்த 2 கிலோமீட்டர் ஓட்டம் எனக்குப் பிடித்திருக்கிறது, ஏனென்றால் அதில் வேலையைப் பார்த்துப் பிரித்தார்கள். வேகப்பந்து வீச்சாளருக்கு 8 நிமிடம் 15 விநாடி, மட்டையாளர், சுழல்பந்து வீச்சாளர், விக்கெட் கீப்பருக்கு 8 நிமிடம் 30 விநாடி. நீங்கள் சொன்ன அந்த விட்ட ரன்னை இந்த அளவு பிடித்துவிடும்.

தாதி சொன்னதை அப்படியே ஏற்றுக்கொண்டேன். எடை பார்ப்பதில்லை. பெயரை வாசித்து யார் முதல், யார் கடைசி என்பதுமில்லை. அவனவன் நேரம் அவனவன் நோட்டில்.

2025 பிப்ரவரியில் கிள்ளான் பாயுமாஸ் ஓவலில் நடந்த 19 வயதுக்குட்பட்ட பெண்கள் உலகக் கோப்பை இறுதியாட்டத்துக்குப் பையன்களை அழைத்துப் போயிருந்தேன். இந்தியா தென்னாப்பிரிக்காவை 82 ரன்னில் சுருட்டியது. நம் தமிழ்நாட்டுப் பெண் கமலினியும் அந்த அணியில் ஆடினார். நான் பையன்களை ரன் பார்க்க விடவில்லை. ஆளுக்கொரு ஃபீல்டரைக் கொடுத்து, அவர் பந்து வராத நேரத்தில் என்ன செய்கிறார் என்று மட்டும் பார்க்கச் சொன்னேன். பந்து வீச்சாளர் ஓடத் தொடங்கியதும் முன்னே நடப்பது, குனிவது, பந்து வேறு பக்கம் போனாலும் பின்னால் ஓடிப்போய் அரண் நிற்பது. திரும்பும் வழியில் வேனுக்குள் இதுதான் பேச்சு.

இப்போது பயிற்சிக்கு அரை மணி நேரம் முன்னால் ஆளுக்கு ஒரு வாழைப்பழமும், முடிந்ததும் ஒரு அவித்த முட்டையும் கொடுக்கிறோம். முட்டைச் செலவைப் பெற்றோர்கள் முறைபோட்டு ஏற்றுக்கொண்டார்கள். ஸ்பின்னரின் அப்பாவிடம், "ஒத்துவரும், ஆனால் காலுக்கு வேலை கொடுக்க வேண்டும்" என்று சொல்லிவிட்டேன். ஷிப்டு இல்லாத நாளில் அவரும் மகனோடு திடலைச் சுற்றி ஓட வருகிறார்.

ரவாங், பத்து ஆராங் பக்கம் யாராவது 15 வயதுக்குட்பட்ட பையன்களுக்கு 2 கிலோமீட்டர் ஓட்டம் வைத்திருந்தால், ஸ்பின்னருக்கும் வேகப்பந்துப் பையனுக்கும் தனித்தனியே என்ன நேரம் வைத்தீர்கள், அதை வெயிலிலா மழைக்குப் பிறகா ஓடவிட்டீர்கள் என்று எழுதுங்கள். பள்ளி விடுமுறைக்கு முன் எங்கள் அளவை முடிவு செய்ய வேண்டும்.